ஆடி மாதத்தில் கிளம்பாத ராக்கெட்

விஞ்ஞானக் கதை என்று ஒன்றை எழுதினால் ஐம்பது வருஷம் கழித்தும் அதைப் படிக்க ஆள் இருக்க வேண்டும் என்று ஸ்தனிஸ்லாஸ் வாத்தியார் அடிக்கடி சொல்வார். அவர் எழுதியதை நாங்கள் அச்சடித்ததோ, தினம் ஒரு தாளாகக் கிழித்துப் போடுகிற காலண்டரில். இந்தக் கூத்தை யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். நானும் பதினோரு வருஷம் சிரித்தவன்தான்.

அப்போது திண்டுக்கல்லில் வான்கோழி மார்க் புகையிலைக் கம்பெனியில் விளம்பர வேலை முழுக்க என் தலையில் இருந்தது. சுவரில் எழுதுவது, சந்தைக்குச் சந்தை தட்டி வைப்பது, வருஷக் கடைசியில் காலண்டர் போடுவது. முருகன் படமும் லட்சுமி படமும் போட்ட காலண்டரை ஊரில் எல்லாக் கடைக்காரனும் கொடுத்தான். எங்களுடையதை வாங்கிப் போய் ஆணிகூட அடிக்காமல் பரணில் போட்டுவிடுவார்கள். ஐம்பத்தேழாம் வருஷம் ஆவணி மாதத்தில் எனக்கு ஒரு யோசனை வந்தது. தினம் கிழிக்கிற தாளின் பின்பக்கம் சும்மாதானே கிடக்கிறது, அதில் எட்டு எட்டு வரியாக ஒரு தொடர்கதை போட்டால் என்ன?

முதலாளி ஆண்டிச்சாமி கேட்டதும் எழுந்தே உட்கார்ந்துவிட்டார்.

"ஏலே பொன்னுத்துரை, இது நல்லாருக்கேலே. காலையில எந்திரிச்சதும் புருசனும் பொண்டாட்டியும் நம்ம காலண்டர் முன்னாடியில்ல வந்து நிப்பாக! சரி, யாரு எழுதுவா?"

எழுத ஆள் தயாராக இருந்தார். ஸ்தனிஸ்லாஸ் வாத்தியார் உயர்நிலைப் பள்ளியில் விஞ்ஞானம் சொல்லிக் கொடுப்பவர். எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. பிள்ளை குட்டி கிடையாது. அவரும் அவர் சம்சாரம் ஆரோக்கியம்மாளும்தான். ஒரு குயர் நோட்டில் சந்திரனுக்குப் போகிற கதை ஒன்றை எழுதி எந்தப் பத்திரிகைக்கு அனுப்பினாலும் அது பந்து மாதிரி திரும்பி வந்துகொண்டிருந்தது. பெயர் 'சந்திர ஊருணி'. நமக்குத் தெரிகிற பக்கம் சந்திரன் காய்ந்து கிடக்கிறது. தெரியாத மறுபக்கத்தில் ஒரு ஊருணி இருக்கிறது. அதை நம்பி நாற்பது பேர் இங்கிருந்து ராக்கெட்டில் போகிறார்கள். அதுதான் கதை.

"ராஜா ராணி கதையில தப்பு இருந்தா ஒருத்தனுக்கும் தெரியாது பொன்னுத்துரை. விஞ்ஞானக் கதையில ஒரு கணக்கு பிசகினாலும் பின்னால வர்றவன் சிரிச்சுருவான். கணக்கு சரியா இருந்தா அந்தப் புஸ்தகத்துக்குச் சாவே கிடையாது" என்பார். மூன்று மாதம் லாகரிதப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ராக்கெட்டின் வேகத்தைக் கணக்குப் போட்டவர் அவர்.

காலண்டரில் வருகிறது என்றதும் முகம் சுண்டிப் போனது. ஆனாலும் பத்தாயிரம் வீட்டுச் சுவரில் தொங்கும் என்று சொன்னேன். ஒத்துக்கொண்டார்.

இதற்குப் பிறகுதான் முதலாளி பஞ்சாங்கத்தைக் கையில் எடுத்தார். முகூர்த்த நாள் தாளில் கதையில் கெட்டது எதுவும் நடக்கக் கூடாது. கல்யாண வீட்டில் அந்தத் தாளைக் கிழித்துப் படிப்பார்கள். அஷ்டமி நவமியில் ராக்கெட்டில் யாரும் ஏறக் கூடாது. வெள்ளிக்கிழமை யாரும் அழக் கூடாது. சூலம் பார்த்துத்தான் புறப்பட வேண்டும். மேலே போவதற்கு எந்தத் திசைச் சூலம் என்று வத்தலக்குண்டு ஜோசியரிடம் ஆள் விட்டுக் கேட்டார். ஜோசியருக்கே தலை சுற்றிவிட்டது.

வாத்தியார் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற கிறிஸ்தவர். ராகு காலம் எது, எமகண்டம் எது என்று நான்தான் அவருக்குப் பட்டியல் எழுதிக் கொடுத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினார். பெரிய சண்டை வந்தது ஆடி மாதத்துக்குத்தான். சந்திரனில் இருந்து ராக்கெட் திரும்புவது ஜூலை பதினேழாம் தேதி என்று அவர் கணக்கு. அன்றைக்கு ஆடி பிறக்கிறது.

"ஆடியில எவனும் வீடு மாத்த மாட்டான். ராக்கெட்டு கெளம்புமாக்கும்? ஆவணிக்குத் தள்ளிப் போடுங்க வாத்தியாரே" என்றார் முதலாளி.

"ஒரு மாசம் அம்புட்டுப் பேரும் சந்திரன்ல சும்மா உக்காந்து என்ன செய்வாங்க?"

"அதை நீங்கதான் எழுதணும்."

விஞ்ஞானம் எல்லாம் தீர்ந்துபோய், முப்பத்தோரு தாளை நிரப்பியாக வேண்டும் என்ற எரிச்சலில் வாத்தியார் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார். குழாயடியில் ஆரோக்கியம்மாள் குடத்தோடு நின்றுகொண்டிருந்தாள். திண்டுக்கல்லில் அந்தக் காட்சிக்குப் பஞ்சமா? பார்த்ததை அப்படியே தூக்கிச் சந்திரனில் வைத்துவிட்டார். ஊருணி வற்றுகிறது. ஆளுக்கு ஒரு குடம் என்று முறை வைக்கிறார்கள். செங்கமலம் என்கிற கைப்பிள்ளைக்காரி வரிசையில் கடைசியில் நிற்கிறாள். முன்னால் நிற்பவளுக்கும் அவளுக்கும் சண்டை வருகிறது, சமாதானமாகிறது. முகம் கழுவின தண்ணீரில் துணி அலசி, அலசின தண்ணீரைச் செடிக்கு ஊற்றுகிறார்கள். கடைசியில் மிஞ்சுவது ஒரே ஒரு குடம். ராக்கெட் திரும்ப அது வேண்டும். செங்கமலத்தின் பிள்ளைக்கும் அது வேண்டும்.

"இது கதையே இல்ல, இடம் அடைச்சது" என்று சொல்லித்தான் என்னிடம் கொடுத்தார்.

வருஷம் முழுக்கத் தாள் நிரம்ப வேண்டுமே என்று ஆவணிக்குப் பிறகும் அந்தக் குடத்தை இழுத்து இழுத்து, முடிவு மார்கழியில் வந்தது. மார்கழியில் நல்ல காரியமும் செய்ய மாட்டார்கள், கெட்டதைப் படிக்கவும் முதலாளிக்குப் பிடிக்காது. குடம் ராக்கெட்டுக்குப் போனதாக ஒரு முடிவு, பிள்ளைக்குப் போனதாக ஒன்று, பாதிப் பாதி ஒன்று, குடம் உடைந்துபோனதாக ஒன்று. நான்கு எழுதவைத்து, ஏதோ ஒன்றில் முதலாளி டிக் போட்டார். நான் அதைப் படிக்காமலேயே சிவகாசி அச்சகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். எனக்கு எட்டு வரியில் அடங்கினால் போதும். கையெழுத்துத் துண்டுகள் அச்சகத்தோடு போயின.

ஐம்பத்தெட்டு விளம்பி வருஷம், எங்கள் காலண்டருக்கு நல்ல பெயர். ஆடி மாதம் வந்ததும் நிலைமையே வேறு. செம்பட்டி சந்தையில் என்னை நிறுத்திக் கேட்டார்கள், "அந்தப் புள்ளக்காரிக்குத் தண்ணி கெடைச்சுச்சா?" குழாயடியில் இதே பேச்சு. ராக்கெட்டைப் பற்றி ஒரு ஜீவன் கேட்கவில்லை. வாத்தியாருக்கு அதில் கோபம்தான். டிசம்பரில் அந்தப் பேச்சும் அடங்கிவிட்டது. காரணம் நான்தான். டிசம்பர் இருபதாம் தேதியே ஐம்பத்தொன்பதாம் வருஷக் காலண்டரை ஊரெல்லாம் கொடுத்துவிட்டேன். புதுசு வந்ததும் பழசைக் கழற்றி அடுப்படியில் போட்டார்கள். முடிவை யாரும் படிக்கவில்லை. அது எனக்கு அப்போது தோன்றக்கூட இல்லை.

அடுத்த வருஷம் ஐப்பசியில் ரஷ்யாக்காரன் சந்திரனின் மறுபக்கத்தைப் படம் எடுத்துப் பேப்பரில் போட்டுவிட்டான். ஊருணியும் இல்லை, ஒரு சொட்டுத் தண்ணீரும் இல்லை, அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாய் இருந்தது. ஆசிரியர் அறையில் அந்தப் பேப்பரை வாத்தியார் மேஜையில் விரித்து வைத்து, "சார், குளிக்கப் போவோமா?" என்று கேட்டார்களாம். அன்று வீட்டுக்கு வந்தவர், பத்திரமாக வைத்திருந்த காலண்டரையும் குயர் நோட்டையும் அடுப்பில் வைத்துவிட்டார். ஆரோக்கியம்மாள் பிடுங்கப் போய்க் கையைச் சுட்டுக்கொண்டாள்.

கம்பெனிக் கிடங்கில் இருநூறு காலண்டர் மீதி இருந்தது. அதை நான் பிரித்து மூக்குப்பொடி மடிக்கக் கொடுத்தேன். நல்ல மெல்லிசுத் தாள், பொடி மடிக்க வாகாக இருந்தது. இதை வாத்தியாரிடம் நான் வெகு நாள் சொல்லவில்லை.

அறுபத்தொன்பதில் அமெரிக்காக்காரன் சந்திரனில் கால் வைத்தான். அதுவும் ஆடி மாதத்தில். முதலாளி அதற்குள் காலமாகிவிட்டார், இல்லையென்றால் வெட்கப்பட்டிருப்பார். அடுத்த வாரமே மதுரையில் இருந்து ஒரு பதிப்பகத்தார் வாத்தியாருக்குக் கடிதம் போட்டார். அவர் சின்ன வயதில் சின்னாளபட்டியில் மாமா வீட்டுச் சுவரில் எங்கள் காலண்டரைப் படித்தவராம். 'சந்திர ஊருணி'யைப் புத்தகமாகப் போட ஆசை. பதினோரு வருஷத்துக்கு முன்பே ஒரு தமிழர் எழுதியது என்று சொல்லிப் போட வேண்டும், ஆகவே அச்சான தாள்களே வேண்டும், திருத்தி எழுதியது கூடாது. தீபாவளிக்கு முன்னால் அனுப்பினால் பொங்கலுக்குப் புத்தகம்.

வாத்தியாருக்கு அடுத்த சித்திரையோடு பள்ளிக்கூடத்தில் இருந்து ஓய்வு. கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே திரிந்தார். ஆரோக்கியம்மாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அண்ணே, இந்த மனுசன் இம்புட்டு சிரிச்சு நான் பாத்ததே இல்ல. எப்படியாச்சும் தேடிக் குடுத்துருங்கண்ணே. இல்லைன்னு ஆயிருச்சுன்னா தாங்க மாட்டாரு."

அப்போதுதான் பொடி மடித்த விஷயத்தை வாத்தியாரிடம் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். "நான் எரிச்சேன், நீ மடிச்சே" என்று மட்டும் சொன்னார்.

காலண்டர் முழுசாக எங்கேயும் இருக்காது என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் நம் ஜனங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பிள்ளை பிறந்தால், கல்யாணம் ஆனால், யாராவது செத்துப்போனால், அன்றைய தேதித் தாளைக் கிழித்துப் பத்திரமாக வைப்பார்கள். ஜாதகக் கட்டுக்குள் இருக்கும், பைபிளுக்குள் இருக்கும், சேலை மடிப்பில் இருக்கும். அதை நம்பிக் கிளம்பினோம். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ், மற்ற நாள் சாயங்காலம் சைக்கிள். ஆத்தூர், காந்திகிராமம், செம்பட்டி என்று ஐம்பத்தெட்டில் நல்லது கெட்டது நடந்த வீட்டை விசாரித்து விசாரித்துப் போனோம். தாளைத் தர யாருக்கும் மனசு வரவில்லை. பதிப்பகத்தார் சொன்னபடி தாளே வேண்டும் என்று கேட்க எங்களுக்கும் வாய் வரவில்லை. பார்த்து எழுதிக்கொண்டு, இன்னார் வீட்டில் இருக்கிறது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டோம்.

ஒரு மாதத்தில் நாற்பத்தாறு தாள் சேர்ந்தது. ஒரு சாயங்காலம் அவற்றைத் தேதி வரிசையில் அடுக்கி வாத்தியார் வாசித்தார். வாசிக்க வாசிக்க அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது. ஜனங்கள் வைத்திருந்ததில் முக்கால்வாசி கல்யாணத் தாள். கல்யாணம் நடந்தது முகூர்த்த நாளில். முகூர்த்த நாளில்தான் கதையில் எதுவும் நடக்கக் கூடாதே! 'பயணிகள் அனைவரும் இன்புற்று உணவருந்தினர்.' 'அன்று வானம் மிகவும் தெளிவாக இருந்தது.' 'அனைவரும் கூடிப் பாடி மகிழ்ந்தனர்.' இப்படியே முப்பத்தைந்து தாள். பதினோரு வருஷம் கட்டிக் காப்பாற்றப்பட்டது அவ்வளவும், முதலாளிக்காக அவர் வெறுத்து வெறுத்து எழுதியது.

"இவனுக சந்திரனுக்குப் போனது சாப்பிடத்தானாக்கும்" என்றார் வாத்தியார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆடி மாதத்துத் தாள் இரண்டே இரண்டு கிடைத்தது. ஒன்று பேகம்பூரில் ஜெய்தூன் பீவி வீட்டில். தோல் ஷாப்பில் வேலை பார்த்த அவள் புருஷன் இறந்த நாள். தாளைக் கையில் கொடுக்காமல், தானே விரித்துப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தச் செங்கமலத்துக்குத் தண்ணி கெடைச்சுச்சா வாத்தியாரே? அப்ப நான் இத்தாவுல இருந்தேன். எங்கயும் போக முடியாது, வீட்டுக்குள்ளேயே கெடப்பேன். மக தெனமும் தாளைக் கிழிச்சு வாசிச்சுக் காட்டுவா. மார்கழியில எவனோ புதுக் காலண்டரு குடுத்துட்டான்னு பழசைக் கழட்டிட்டாக. இத்தன வருசமா கேக்கணும்னு இருந்தேன்."

வாத்தியார் என்னைப் பார்த்தார். அந்த எவனோ நான்தான்.

"சந்திரன்ல தண்ணியே கெடையாதும்மா. அதான் கண்டுபிடிச்சுட்டாங்களே" என்றார் அவர்.

"அது எனக்கும் தெரியும். நான் கேக்குறது செங்கமலத்தை."

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறபோது வாத்தியார் என்னிடம் கேட்டார், "நாலுல எதுக்குப்பா டிக் போட்டாரு?" நான் படிக்கவில்லை என்றேன். "நானும் பாக்கல. அந்தாளு டிக் போட்டதைப் பாக்கக் கூடாதுன்னு கடைசித் தாளைப் புரட்டாமலே எரிச்சுட்டேன்" என்றார். தெருவில் நின்றுகொண்டு இரண்டு கிறுக்கர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

விட்டுப் போனதை மறுபடி எழுதுங்கள், பதிப்பகத்துக்குத் தெரியவா போகிறது என்று நான் சொல்லிப் பார்த்தேன். உட்கார்ந்தார். நான்கு நாள் உட்கார்ந்தார். ஐந்தாம் நாள் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"வரலை பொன்னுத்துரை. அங்க ஒண்ணுமே இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு. அந்த அம்மாவை நான் எங்க நிக்க வைப்பேன்? கணக்குதான் கதையைக் காப்பாத்தும்னு இத்தனை வருசமா நெனச்சேன். அம்புட்டுக் கணக்கும் தப்பு. அந்தக் குடத்தைத்தான் எல்லாரும் கேக்குறாங்க. அது ஒண்ணுதான் நான் யோசிக்காம எழுதுனது. இப்ப யோசிச்சு எழுதுனா வரமாட்டேங்குது."

முடிவு மட்டும் கிடைத்தால் போதும், ஆடியையும் மார்கழியையும் வைத்து ஒரு சிறுகதையாகவாவது போடச் சொல்லிக் கேட்கலாம் என்றார். அவருடைய ஆசை அந்த அளவுக்குச் சுருங்கிவிட்டது. தீபாவளிக்குப் பத்து நாள் இருந்தது. அப்போதுதான் செம்பட்டியில் பூக்கடை வைத்திருக்கிற சின்னக்கண்ணு ஒரு தகவல் சொன்னான். சித்தையன்கோட்டையில் இருக்கிற அவன் அக்கா முத்துப்பேச்சியிடம் டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதித் தாள் இருக்கிறதாம்.

பஸ்ஸில் வாத்தியார் சட்டைப்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

முத்துப்பேச்சிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பூப்பறிக்கப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தாள். மடியில் காம்பும் இலையும் ஒட்டியிருந்தது. விஷயத்தைச் சொன்னதும் உள்ளே கூட்டிப் போய்த் தகரப் பெட்டியைத் திறந்தாள். மூடியின் உள்பக்கத்தில் அந்தத் தாள் இருந்தது. மேலே வான்கோழி, நடுவில் பெரிய எழுத்தில் 31, கீழே புதன்கிழமை, விளம்பி, மார்கழி. கஞ்சிப் பசையை வழித்துத் தடவி நன்றாக அழுத்தி ஒட்டியிருந்தாள். ஓரங்களைப் பூச்சி அரித்திருந்தது. எங்களுக்கு வேண்டிய எட்டு வரியும் தகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"காலையில பெறந்தான். பொழுது சாயுறதுக்குள்ள போயிட்டான்" என்றாள் முத்துப்பேச்சி. "பேருகூட வைக்கல. வேற ஒண்ணும் இல்லீங்கய்யா எங்கிட்ட. எனக்கு எழுத்துத் தெரியாது, நெம்பரு மட்டும் தெரியும். அதான் நெம்பரு மேல வாற மாதிரி ஒட்டுனேன்."

அதற்குப் பிறகு அவளுக்குப் பிள்ளை இல்லை என்று சின்னக்கண்ணு ஏற்கெனவே சொல்லியிருந்தான்.

வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார். நான்தான் வெட்கம் கெட்டவன். "இதுக்குப் பின்னால ஒரு கதையோட முடிவு இருக்கும்மா. இவர் எழுதுனது. ஈரத்துணி வச்சா பசை இளகும், மெதுவா எடுத்துப் பாத்துட்டு மறுபடி ஒட்டிக் குடுத்துருவோம்" என்றேன். பதினோரு வருஷத்துப் பொடித்தாள் முழுசாக வராது என்பது எனக்குத் தெரியும். பொடி மடித்தவனுக்குத் தெரியாதா?

அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வாத்தியாரைப் பார்த்தாள்.

"ரெம்ப முக்கியங்களாய்யா?"

அவர் முகமே சொல்லிவிட்டது போல. "அப்ப எடுத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுச் சுவர் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

வாத்தியார் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, கீழ் மூலையில் நகத்தைக் கொடுத்து மெதுவாக நெம்பினார். ஒரு விரல் அகலத்துக்குத் தாள் எழும்பியது. பின்பக்கத்தில் 'குடம்' என்று ஒரு வார்த்தை தெரிந்தது, அதற்கு முன்னும் பின்னும் இருந்த எழுத்து பசையோடு தகரத்தில் ஒட்டிக்கொண்டது. இன்னும் கொஞ்சம் நெம்பினார். 'புதன்கிழமை' என்பதன் நடுவில் ஒரு கீறல் ஓடி, 31-இன் காலடியில் போய் நின்றது. அவர் கையை எடுத்துவிட்டார்.

"இழுங்க சார், வந்துரும்" என்றேன். என் வாயில் அடிக்க வேண்டும்.

"சோறு இருக்காம்மா?" என்று கேட்டார். "நாலு பருக்கை போதும்."

அவள் பசிக்குக் கேட்கிறார் என்று நினைத்து வட்டிலை எடுக்கப் போனாள். அவர் நான்கு பருக்கை மட்டும் வாங்கி, விரலில் நசுக்கி, எழும்பின மூலைக்குள் தடவி, கீறல் தெரியாதபடி இரண்டு பக்கத்தையும் சேர்த்து அழுத்திப் பிடித்தார். காய்கிற வரைக்கும் கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவும் கை இல்லை.

முத்துப்பேச்சி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "என்ன கதைங்கய்யா அது?"

"ஒரு ஊர்ல தண்ணி இல்ல. கைப்பிள்ளையோட ஒரு அம்மா குடத்தை வச்சுக்கிட்டு வரிசையில கடைசியா நிக்கிறா. அதான் கதை."

"கெடைச்சுச்சா?"

"எழுதுனவன் நான்தாம்மா. எனக்கே தெரியல."

"அப்ப பாவம், இன்னும் நின்னுக்கிட்டுத்தான் இருப்பா" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை மூடினாள்.

செம்பட்டியில் பஸ் மாற இறங்கியதும் வாத்தியார் சட்டைப்பையில் இருந்த கடிதத்தை எடுத்து என் கையில் கொடுத்து, "பதிப்பகத்துக்கு நீயே ஒரு கார்டு போட்டுருப்பா, காலண்டர் கெடைக்கலைன்னு" என்றார். மறுநாள் போட்டேன்.